சிரிப்பை எடுத்த பிறகு

அந்தப் பழைய ஒலிப்பதிவுக்கூடம் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. காலையில் படியேறி வந்தவளை முதலில் வரவேற்றது வாசனைதான். நனைந்து காய்ந்த கம்பளம், சூடேறிய ஒயர், ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கம். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவைச் சாத்தியதும் கீழே பாத்திரங்கள் மோதும் சத்தம் பட்டென்று அறுந்தது. தன் மூச்சே பக்கத்தில் யாரோ விடும் மூச்சாகக் கேட்டது.

அவள் ஒலித் தொகுப்பாளர். வந்திருந்தது சந்தோஷமான வேலை. ஒரு தலைமுறையே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்த நகைச்சுவைத் தொடர். ஒரு வாடகை வீடு, ஒரு மஞ்சள் சோபா, மூன்று நண்பர்கள், அவர்களில் ஒருவன் காதலிக்கும் எதிர்வீட்டுப் பெண். அதைத் துடைத்து மெருகேற்றி மறுபடி வெளியிடப் போகிறார்கள். தயாரிப்பாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"பின்னாடி கூட்டமா சிரிக்கிற சத்தம் வேண்டாம்மா. இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்கு அது எரிச்சலா இருக்காம். சுத்தமா எடுத்துடுங்க."

அவளுக்கும் கணவனுக்கும் அது வெறும் தொடர் அல்ல. கல்லூரி விடுதியின் பொதுக்கூடத்தில் அதைப் பார்க்கும்போதுதான் அவன் அவளுக்கு இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தான். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவளை 'காதம்மா' என்பான். அவள் அவனைக் 'கண்ணாடியாரே' என்பாள். வீட்டுக் கூடத்திலும் ஒரு மஞ்சள் சோபா உண்டு, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது.

சிரிப்பை வெட்டி எடுத்தால் அந்த இடம் குழியாகிவிடும். காது தடுக்கி விழும். அதற்காகத்தான் படப்பிடிப்பில் எல்லோரையும் வாய் மூடச் சொல்லி, அறையின் அமைதியையும் கொஞ்சம் பதிவு செய்து வைப்பார்கள். பழைய நாடா ஒன்றில் அந்த அமைதி கிடைத்தது. அவள் அதை எடுத்துக் குழிகளையெல்லாம் நிரப்பினாள்.

ஓட்டிப் பார்த்தாள். நாயகன் எதிர்வீட்டுப் பெண்ணின் கையைப் பிடிக்கிறான். பேச வாயெடுக்கிறான்.

யாரோ சிரித்தார்கள்.

கூட்டம் அல்ல. ஒரே ஆள். உதட்டைத் திறக்காமல், மூக்கு வழியாக, 'இவ்வளவுதானா' என்பதுபோல். அதற்கு அப்புறம்தான் நாயகன், "நீ வராத நாள்ல இது வீடாவே இல்ல," என்றான்.

எங்கோ விட்டுப்போன துண்டு என்று நினைத்து வெட்டினாள். அடுத்த காட்சியிலும் இருந்தது. வேடிக்கையான இடங்களில் அது சிரிக்கவே இல்லை. நண்பன் நண்பனைக் கட்டிக்கொள்ளும் இடம், எதிர்வீட்டுப் பெண் நாயகன் தோளில் சாயும் இடம், அங்கேதான் சிரித்தது. எப்போதும் ஒரு கணம் முந்தி. வரப்போவது அதற்கு முன்பே தெரியும் என்பதுபோல்.

அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள்.

நல்ல ஸ்பீக்கரில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சாதாரண வீட்டில் எப்படி விழுகிறது என்று கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. அதனால் முடித்த பகுதிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் ஓட்டினாள். அந்த அமைதியை மட்டும் தனியே, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டுத் துணி மடித்தாள். எங்காவது இரைச்சல் தெரிகிறதா என்று பார்க்கத்தான்.

இரைச்சல் இல்லை. சோபாவின் ஸ்பிரிங் மட்டும் ஒருமுறை முனகியது.

அன்று சாயங்காலம் அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பின்னால் நின்று துடைத்தாள்.

"காதம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன்."

சிரிப்பு.

"...கடையில தனியா இருக்கும்போது, வீட்டுக்குப் போனா நீ இருப்பேன்னு நெனச்சாலே போதும் எனக்கு," என்று முடித்துவிட்டு அவன் திரும்பினான். முகம் சுருங்கியிருந்தது. "இதுல என்ன சிரிப்பு?"

"நான் சிரிக்கல."

"பின்ன யாரு, குழாயா சிரிச்சது?"

"எனக்கும் கேட்டுச்சு. சத்தியமா நான் இல்ல."

"சொன்னது அசட்டுத்தனமா இருந்தா அசடுன்னு சொல்லிட்டுப் போ. முதுகுக்குப் பின்னாடி நின்னு மூக்கால சிரிக்காத."

மறுநாள் அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டு, ஏதோ கொஞ்சலாகச் சொல்ல வரும்போது சிரித்தது. அவன் தங்கை போனில் அழுதபோது அவன் ஆறுதல் சொல்ல வாயெடுக்கையில் சிரித்தது. தங்கை போனை வைத்துவிட்டாள்.

"உனக்கு நான் அவ்வளவு கேவலமாப் போயிட்டேனா?" என்றான். அதற்குப் பிறகு அன்பாக எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டான்.

மின்கட்டணம், குப்பை வண்டி, சாவி எங்கே. இவற்றுக்கெல்லாம் அது சிரிக்கவில்லை.

அந்தத் தொடருக்கு அந்நாளில் ஒலிப்பதிவு செய்தவர் ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருந்தார். அவள் போன் செய்து, சிரிப்பை எடுத்ததைச் சொன்னாள்.

"உங்கள யாரும்மா எடுக்கச் சொன்னது?"

"தயாரிப்பாளர்தான் சார். ஆனா எடுத்த பிறகும் ஒரு சிரிப்பு..."

"ஆள் கூட்டி வச்சு எடுத்த தொடர் இல்லம்மா அது. கதவச் சாத்திட்டுதான் எடுப்போம். கூட்டத்துச் சிரிப்பெல்லாம் நான் அப்புறமா போட்டது." குரல் தாழ்ந்தது. "அந்த ஒண்ண மூடத்தான் போட்டேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாயகனும் அந்தப் பொண்ணும் நெஜத்துலயும் புருஷன் பொண்டாட்டி. தெரியுமில்ல? கடைசி நாள், சோபால ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தாங்க. வசனம் எதுவும் இல்ல. அது சிரிச்சுது. அப்புறம்தான் அவர் 'போதும்'னு சொல்லிட்டு எழுந்து போனார். அந்தப் பொண்ணுகிட்டத் திரும்பி வரவே இல்ல." மூச்சு வாங்கினார். "அந்த அமைதிய மட்டும் எங்கயும் தனியா ஓட்டிடாதீங்கம்மா."

அவள் போனை வைத்தாள். உடனே தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, வெளியீட்டை நிறுத்தி வைக்கும்படி கெஞ்சினாள்.

"என்னம்மா வெளையாடறீங்களா? நேத்தே போயாச்சு. வீடு வீடாப் பாக்கறாங்க."

வீட்டுக்கு வந்து கணவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கைகட்டிக் கேட்டான். பிறகு அவளை சோபாவில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளங்கையால் அவள் வாயை அழுத்தி மூடினான்.

"இப்ப நான் ஒண்ணு சொல்றேன். பாப்போம்."

அவன் கைக்குள் அவள் உதடு அசையவே இல்லை.

சிரிப்பு வந்தது. அவன் காதோரம்.

கையை எடுத்தான். அவன் தன் காதைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்தது. பயத்தால் மட்டும் அல்ல, அவன் நம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூட்டத்துச் சிரிப்போடு இருக்கும் பழைய பதிப்பை டிவியில் ஓயாமல் ஓடவிட்டார்கள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்போது மட்டும், அந்தச் சத்தத்துக்கு அடியில், பேசிக்கொண்டார்கள்.

"கண்ணாடியாரே, கோவம் போயிடுச்சா?"

"கொஞ்சம் இரு. அடுத்த ஜோக் வரட்டும்." காத்திருந்து, கூட்டம் சிரித்ததும் குனிந்து சொன்னான்: "போயிடுச்சு."

அவள் நிஜமாகவே சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று.

இப்படியே காலம் தள்ளிவிடலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், இருவரும் மஞ்சள் சோபாவில் இருந்தார்கள். திரையில் நாயகன் ஏதோ உளறினான். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது.

கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. தெருவில்கூடச் சத்தம் இல்லை. வீடு முழுக்க அந்த அமைதிதான். அவள் நிரப்பிக்கொண்டு வந்த அதே அமைதி.

பேசாதே என்று உதட்டில் விரல் வைத்தாள். அவன் தலையசைத்தான். எதுவும் சொல்லாமல் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டான். வார்த்தை இல்லையென்றால் அது எதைப் பார்த்துச் சிரிக்கும்? அவன் கண்ணில் அந்த விடுதிக்கூடத்துப் பையன் தெரிந்தான்.

அவர்கள் நடுவே ஸ்பிரிங் முனகியது. மஞ்சள் துணி மெல்லக் குழிந்தது.

அது சிரித்தது.

அவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. எதற்காகச் சிரித்தது என்று புரியாமல், அவள் கோத்திருந்த கைகளைக் குனிந்து பார்த்தாள்.

அப்போதுதான் அவன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர ஆரம்பித்தன.