கப்பலில் நடந்த ஏலம்

“ஒங்கம்மாகிட்டச் சொல்லுடா, நான் ஒண்ணும் பிச்சக்காரன் இல்லேன்னு.”

சுயம்புலிங்கம் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு மகன் அஜய்குமாரிடம் சொன்னார். அந்த அம்மா, அதாவது அவருடைய சொந்த மனைவி சுகிர்தம், இரண்டடி தூரத்தில் சட்னிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது பிள்ளையிடம் சொல்லி அனுப்புவது எந்த ஊர் நியாயம் என்று கேட்காதீர்கள். தேனி பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் ஒன்பது வருஷமாக அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் யாராவது ஒருவர் வழியாகத்தான் வரும்.

சண்டைக்குக் காரணம் கப்பல். பெங்களூரில் வேலை பார்க்கும் அஜய்குமார் அப்பா அம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்காகக் கொச்சியிலிருந்து கொழும்பு, மாலத்தீவு போய்வரும் உல்லாசக் கப்பலில் இடம் பிடித்திருந்தான். டிக்கெட்டோடு மேல்செலவுக்கென்று ஒரு தொகையும் கட்டியிருந்தான். பால்கனி அறை, மசாஜ், போட்டோ ஆல்பம், குடிவகைக்கு மொத்தமாகக் கட்டும் கட்டணம், கொழும்பைச் சுற்றிக்காட்டும் ஏசி பஸ் என்று ஏஜெண்ட் அனுப்பிய பட்டியல் நீண்டது. சுகிர்தம் இரண்டு மாதம் அதை உட்கார்ந்து படித்து, சிவப்பு பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துவிட்டாள்.

“எல்லாத்தையுமா அத்தை?” என்றாள் மருமகள் ஜான்சி.

“பின்ன என்னம்மா... ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் குடிச்சாத்தான் அந்தக் குடிவகைக் காசு கட்டுபடியாகும். நம்மள்ல யாரு எட்டு கிளாஸ் ஜூஸ் குடிப்பா? கொழும்புல துறைமுக வாசல்லயே வேன் நிக்குமாம், பாதி வாடகைதான். அவுக போட்டோ எடுத்தா எடுக்கட்டும். வாங்குனாத்தான காசு.”

சுவரோரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த அன்னத்தாய்க்குப் பொறுக்கவில்லை. அவள் சுயம்புலிங்கத்தின் தங்கை. புருஷன் செத்தபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள்.

“கப்பலேறியும் மதினி கையால அளந்து ஊத்துனதத்தான் குடிக்கணும்னு எங்க தலையில எழுதியிருக்கு போல. அண்ணன் எனக்கும் ஒரு டிக்கெட்டு எடுக்கச் சொன்னாகளே, அதுவரைக்கும் சந்தோஷம். மதினி கையில இருந்திருந்தா அதையும் அடிச்சிருப்பாக.”

அஜய்குமார் வாயைத் திறந்தான். சுகிர்தம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான். அவன் எடுத்திருந்தது நாலே டிக்கெட். மேல்செலவுப் பணம் முழுவதையும் கொச்சி ஏஜெண்டிடம் போனில் பேசி அன்னத்தாயின் டிக்கெட்டாக மாற்றியவள் சுகிர்தம்தான். புருஷன் போன பிறகு அந்தப் பெண் மதுரைக்கு அந்தப் பக்கம் எதையும் பார்த்ததில்லை என்ற ஒரே காரணம்தான். சொல்லியிருந்தால் அன்னத்தாய் வந்திருக்க மாட்டாள். சாப்பாடு தவிர மதினி கையால் எதையும் வாங்குவதில்லை என்று ஒன்பது வருஷமாக வீம்பு. அதனால் அப்பா சொல்லித்தான் எடுத்தது என்று அத்தையிடம் சொல்லும்படி மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சுயம்புலிங்கமோ மகன் தானாக எடுத்தது என்று நினைத்து, தங்கை சொன்னதை மறுக்கவில்லை. சுகிர்தம் அடுப்படிக்குப் போய், அரைக்க ஒன்றுமில்லாத மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது முடித்துவிட்டு வந்தாள்.

வேனில் கம்பம் தாண்டிக் குமுளி மலை ஏறினார்கள். கேரள எல்லையில் இருக்கும் அந்தக் குமுளியில்தான் சுகிர்தம் பிறந்து வளர்ந்தாள். அவள் வீடு இருந்த தெருவை ஜன்னல் வழியாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இறங்கிப் பார்ப்போமா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கப்பலில் மகனுக்கும் மருமகளுக்கும் ஓர் அறை, மற்ற மூவருக்கும் ஓர் அறை. அண்ணனும் தங்கையும் நடுக்கட்டிலில் படுத்திருந்தவளைத் தாண்டியே பேசிக்கொண்டார்கள். காலையில் அவள் தனியாக மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். அப்பாடா, எவ்வளவு தண்ணி என்று பக்கத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அறைக்குத் திரும்பினாள்.

மூன்றாம் நாள் மதியம் பெரிய ஹாலில் பட ஏலம். வேடிக்கை பார்க்கக் கட்டணம் கிடையாது. அதனால் பட்டியலில் அதை மட்டும் சுகிர்தம் விட்டுவைத்திருந்தாள். அஜய்குமாரும் ஜான்சியும் நீச்சல் குளத்துக்குப் போய்விட, மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். சுயம்புலிங்கம் முன்வரிசையில், தங்கை அவருக்குப் பக்கத்தில், சுகிர்தம் பின்னால்.

பாய்மரப் படகு வரைந்த படம் ஒன்று மேடைக்கு வந்தது. “ஃபோர் ஹண்ட்ரட்” என்றான் கோட்டு போட்டவன். சுயம்புலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்ணிக்கை தெரியும். அதைவிட ஏலம் தெரியும். அவர்களுடைய சர்ச்சில் வருஷா வருஷம் நடக்கும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த ஒரு வாழைத்தாரே ஏலத்தில் ஆயிரத்துக்கு மேல் போகும். யாருக்கு வாழைத்தார் வேண்டும்? சபை முழுக்கத் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் கேட்பது. கண்ணாடி போட்ட இவ்வளவு பெரிய படம் நானூறு ரூபாயா? கையைத் தூக்கினார்.

அரைக்கால் சட்டை போட்ட ஒரு வடக்கத்தி ஆள் ஐந்நூறு என்றான். இவர் அறுநூறு. எழுநூறு. சுகிர்தம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். இரண்டு மாதம் அந்தப் பட்டியலோடு குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா, கப்பலில் எல்லாமே டாலர் என்று? மேல்செலவுக் கணக்கிலோ சல்லிக்காசு இல்லை.

எழுந்து தடுக்கலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்படித் தடுத்ததால் வந்ததுதான் இத்தனையும். அன்று அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு அரிசிமில் தங்கபாண்டியோடு போட்டி போட்டு இவர் முப்பதாயிரம் வரை போய்விட்டார். சட்டைப்பையில் இருந்தது மறுநாள் அன்னத்தாயின் புருஷனுடைய ஆபரேஷனுக்குக் கட்ட வேண்டிய பணம். சுகிர்தம் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, “போதும், உக்காருங்க” என்றாள். சபை சிரித்தது. அவர் உட்கார்ந்தார். அன்று மூடிய வாய்தான். எந்தப் பணம் என்று அவர் தங்கையிடம் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. மதினி அண்ணனைச் சபையில் அவமானப்படுத்தினாள் என்பது மட்டும்தான் அன்னத்தாய்க்குத் தெரியும்.

சுகிர்தம் குனிந்து நாத்தனாரின் காதில் சொன்னாள்: “அன்னத்தாயி, அது ரூவா இல்ல, டாலரு. அண்ணங்கிட்ட மெதுவாச் சொல்லு.”

“இங்கனயும் வந்து அவுகளத் தலைகுனிய வைக்கப் போறீகளா மதினி? நான் சொல்ல மாட்டேன்.”

எண்ணூறு. தொள்ளாயிரம். ஆயிரம். வடக்கத்தி ஆள் கையை விரித்துவிட்டான். சுகிர்தம் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுத்தியல் விழுந்தது. ஹால் முழுவதும் கைதட்டியது. சுயம்புலிங்கம் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். அந்த முகத்தில் அவ்வளவு சிரிப்பை அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, கவுண்டரில் இருந்த மலையாளத்துப் பெண் காகிதத்தை நீட்டினாள். “ஆயிரம் டாலர் சாரே. எம்பதாயிரம் ரூபாய்க்கு மேல வரும். ஒப்பு இடணும், கையெழுத்து.”

சுயம்புலிங்கத்தின் கை பேனாவோடு நின்றுவிட்டது.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “ரூம் கணக்குல எக்ஸ்ட்ரா காசும் இல்லல்லோ. முழுசும் அன்னத்தாய்ங்கிற டிக்கெட்டுக்கு மாத்தியிருக்கு. சுகிர்தம் மேடம்தான் மாத்தச் சொன்னது.”

“எந்த அன்னத்தாயி?” என்றாள் அன்னத்தாய். பிறகு அவளுக்கே புரிந்தது.

சுகிர்தம் முன்னால் வந்தாள். “மோளே” என்று தொடங்கி, குமுளி மலையாளத்தில் நிதானமாகப் பேசினாள். கையெழுத்துப் போடும்வரை ஏலம் முடிந்ததாகாது, வேண்டாமென்றால் படம் அடுத்துக் கேட்டவருக்குப் போகும் என்று பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அப்படியே சொன்னாள். அந்தப் பெண் ஆமாமென்று தலையாட்டி, காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“என் டிக்கெட்டுக்கா மதினி...” என்றாள் அன்னத்தாய். “அண்ணன் எடுத்ததுன்னு நெனச்சேனே... ஒங்கள என்னவெல்லாம் பேசிட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா நீ வந்திருப்பியா?”

அன்னத்தாய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சுகிர்தமும் அழுதாள். சுயம்புலிங்கம் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“அன்னத்தாயி,” என்றார் கடைசியில். “டாலரு, கையெழுத்து விவரமெல்லாம் அவளுக்கு மொதல்லயே தெரியுமே. ஏலம் நடக்கையில ஏன் சொல்லலேன்னு ஒங்க மதினிகிட்டக் கேளு.”

அன்னத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்களே கேளுங்கண்ணே. இனிமே நான் கேட்டுச் சொல்ல மாட்டேன்.” அழுதுகொண்டே படியேறிப் போய்விட்டாள்.

ஹாலில் இருவர் மட்டும் இருந்தார்கள். மகன் இல்லை, மருமகள் இல்லை, சொல்லி அனுப்ப ஆளில்லை. அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

“ஏன் சொல்லல... சுகிர்தம்?”

தன் பெயரை அவர் வாயால் கேட்டு ஒன்பது வருஷம்.

“நாலு பேரு இருந்தாக,” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “அன்னைக்கும் நீ சொன்னது சரிதான்” என்றார். பிறகு, “வா, காபி குடிப்போம்.”

“இப்பக் குடிச்சா காசு. அஞ்சு மணிக்கு மேல்தட்டுல சும்மா குடுப்பாக.”

“அப்ப இருப்போம்,” என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மணி நாலுதான் ஆகியிருந்தது.