ரேஷன் பச்சை

ஐஸ் கிடங்கின் மூன்றாம் அறையில் இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது.

வெளியே காசிமேட்டில் ஐப்பசி வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ரெஜினா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கொடியில் தொங்கிய சேலைகளுக்கு நடுவே கைவிளக்கோடு நடந்தாள். நேற்றுவரை எல்லாம் ஒரே பச்சை. இன்று முந்தானை ஓரங்களில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. ஒரு சேலையில் மடிப்புக்கு மடிப்பு செம்பு நிறம். ஒன்று மட்டும் அடம்பிடித்தது. அதன் மேல் கரும்புச்சாறு கலந்த தண்ணீரைத் தெளித்தாள்.

"குடிம்மா. இனிப்பு உள்ள போனாத்தான் செவப்பு வரும்."

இலைத்துணிக்குக் காது இல்லை. ஆனால் உயிர் இருந்தது.

வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்ட வருஷத்தில் வந்த கண்டுபிடிப்பு அது. நூலுக்குள் பச்சையத்தை வளர்த்து நெய்த துணி. உடம்பின் வியர்வையைக் குடிக்கும், வெயிலைத் தின்னும், ஈரத்தை மூச்சாக விடும். கட்டியவருக்கு மரத்தடியில் நிற்பதுபோல இருக்கும். வெயிலில் நின்று பிழைக்கிறவர்கள் சுருண்டு விழாமல் இருக்க, அரசாங்கம் அதை ரேஷன் கடையில் ஆளுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தது.

அங்கேதான் வந்தது வினை. ரேஷன் கடையில் க்யூவில் நின்று வாங்கிய சேலையை எவள் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போவாள்? 'ரேஷன் பச்சை' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

வசதிக்காரர்கள் அதே துணியை வேறு விதமாகக் கட்டினார்கள். குளிர்தேசத்து மரங்களில் உதிர்வதற்கு முன் இலை சிவக்குமே, அதுபோல, குளிரூட்டி, பகல் வெளிச்சத்தையும் குறைத்தால் இலைத்துணியும் நிறம் மாறியது. அதற்கென்றே 'பருவப்பெட்டி' என்று ஓர் இயந்திரம் சந்தைக்கு வந்தது. அளவில் பீரோ, விலையில் கார். ஐப்பசி பிறந்தால் போதும், அண்ணா நகர் முழுக்கக் குங்குமச் சிவப்பும் தேன் மஞ்சளுமாக நடமாடியது. நடமாட்டம் என்பது ஏசி வீட்டு வாசலிலிருந்து ஏசி ஊர்தியின் கதவு வரைக்கும். சிவந்த துணி குளிர்விக்காது. அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

காசிமேட்டில் பியூட்டி பார்லர் நடத்திவந்த ரெஜினா, தன் புருஷன் ஃபெலிக்ஸ் மேற்பார்வை பார்த்த ஐஸ் கிடங்கை ஒருநாள் உற்றுப் பார்த்தாள். மீன் வரத்து குறைந்து மூன்றாம் அறை சும்மா கிடந்தது. குளிர் இருக்கிறது. விளக்கை அணைத்தால் இருட்டும் இருக்கிறது. பருவப்பெட்டிக்குள் வேறென்ன பெரிய வித்தை?

நிறம் மாறிய துணி உதிராமல் இருக்கக் கருவேலம் பிசின் தெளித்தாள். மீன் வாடை போக எலுமிச்சைப் புல் தைலம். உதட்டுக்கு இந்த சீசனின் காய்ந்த சருகு நிறம் வேண்டுமா? வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியை நெய்யில் குழைத்தால் ஆயிற்று. கன்னத்துக்கு பீட்ரூட் சாறு இருக்கவே இருக்கிறது.

ஆனால் கிடங்கு கரண்டுக்கு யார் கொடுப்பது? ரெஜினா ஒரு வழி வைத்தாள். ஒரு சேலை சிவக்க வேண்டுமானால் வீட்டிலிருக்கும் இன்னொரு பச்சையைக் கொடுத்துவிட வேண்டும். புருஷனின் வேட்டி, மாமியாரின் போர்வை, எதுவானாலும் சரி. கொடுங்கையூரிலிருந்து ஒரு தரகர் வந்து எல்லாவற்றையும் வாங்கிப் போனார். விசித்திரமான ஆள். புதுத்துணியை ஒதுக்கினார். வருஷக்கணக்காக வெயிலில் கிடந்து கருத்த பச்சைக்குத்தான் கூடுதல் விலை வைத்தார்.

"உரத்துக்குப் போடுவாங்களா இருக்கும்," என்றான் ஃபெலிக்ஸ்.

ரெஜினா அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

லூர்து அக்கா இரண்டு பச்சைகளோடு பார்லருக்குள் நுழைந்தபோது, ரெஜினா ஒரு வாடிக்கையாளரின் கன்னத்தில் பீட்ரூட் தடவிக்கொண்டிருந்தாள். லூர்து அவளுடைய கூடப்பிறந்த அக்கா. மார்க்கெட் வாசல் வெயிலில் உட்கார்ந்து மீன் விற்பவள். வெயில் ஆகவே ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய உடம்பு. கடலுக்குப் போன புருஷன் திரும்பாத பிறகு அந்த மீன்கூடைதான் மகள் ஜெனிட்டாவைப் படிக்கவைத்தது. ஜெனிட்டாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு அண்ணா நகர்.

"ரெஜி, எனக்கும் செவப்பு பண்ணிக் குடுடி."

"உனக்கு வேணாங்க்கா. நீ வெயில்ல குந்துறவ. செவந்துபோனா குளுராது."

"ஒரு நாளைக்கு இன்னாடி ஆவப்போவுது? தெருவுல கீறவளுங்கல்லாம் தகதகன்னு நிப்பாளுங்க. பொண்ணப் பெத்தவ ரேஷன் பச்சையில நிக்கணுமா? சம்மந்தியம்மா வேலக்காரின்னு நெனச்சு பையத் தூக்கி என் கையில குடுத்துட்டாங்கன்னா?"

பீட்ரூட் கன்னக்காரி சிரித்தாள். "குடுத்தா வாங்கி வச்சுக்கயேன் லூர்து. உள்ள இன்னா கீதோ!"

"நீ மூஞ்ச ஆட்டாத, அப்புறம் ஒரு கன்னம் தக்காளி, ஒரு கன்னம் உருளக்கெழங்குன்னு போவ," என்று அவளை அடக்கிவிட்டு ரெஜினா அக்காவிடம் திரும்பினாள். "அப்புறம் மார்க்கெட்டுக்கு எதக் கட்டுவ?"

"மழ வந்தா திரும்பத் துளுத்துக்கும்னு நீதான சொல்ற?"

ரெஜினா பீட்ரூட் கிண்ணத்தைக் கலக்கினாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். குளிர்தேசத்தில் இலைத்துணி பனிக்காலம் முழுக்க உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும் என்று எங்கோ படித்திருந்தாள். காசிமேட்டில் ஏது பனிக்காலம்? போன வருஷம் முதன்முதலாகச் சிவக்க வைத்தது அவளுடைய சொந்தச் சேலையைத்தான். ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஒரு பொட்டுப் பச்சைகூட அதில் வரவில்லை. இந்த மழைக்கு வரும் என்று காத்திருந்தாள்.

லூர்து இரண்டாவது பச்சையை நீட்டினாள். ரெஜினா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்கிட்டப் போய் வாங்குவனா? எடுத்துக்கினு போக்கா."

"ஊருக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா? நாளைக்கு எவளாச்சும் பேசுவா. புடி."

அது கடலுக்குப் போய்த் திரும்பாத லூர்து புருஷனுடைய போர்வை. நடுவில் தூண்டில் முள் கிழித்த இடத்தை லூர்து நீல நைலான் வலைநூலால் தைத்திருந்தாள். வலை பின்னுகிற கை அது. தையல் மீன்முள்ளைப்போல் இருபுறமும் கிளை விட்டு ஓடியது.

"அவரு போனப்புறம் நாந்தான் போத்திக்கினு கெடந்தேன்," என்றாள். தையலை ஒருதரம் தடவினாள். மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஞாயிறு காலை தெருவே பற்றி எரிவதுபோல் இருந்தது. சிவப்பு, செம்பு, தேன், துரு, சருகு. கோயில் தெருச் சந்துக்குள் ஊர்தி நுழையாது. எனவே சம்பந்தி வீட்டாரைச் சந்து முனையில் நின்று எதிர்கொண்டு அழைக்க வேண்டும். தட்டு வரிசையோடு பெண்கள் ரோட்டோரமாக நின்றார்கள். முன்னால் லூர்து. குங்குமச் சிவப்பில், காசுக்கட்டி உதட்டோடு, அவளை அவளே அடையாளம் கண்டுகொள்ள முடியாத அழகில்.

"பொண்ணு யாரு, அம்மா யாருன்னே தெரிலியே," என்றாள் பீட்ரூட் கன்னக்காரி.

"சும்மா இருடி, வேர்க்குது."

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றாகியும் வரவில்லை. நிழலுக்கு ஒதுங்கலாம் என்றால் லூர்து கேட்கவில்லை.

"வந்து எறங்கும்போது ஆள் இல்லன்னா மரியாதையா இருக்காது."

ரெஜினா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பீட்ரூட் சிவப்பு என்று முதலில் நினைத்தாள். லூர்துவுக்குப் பீட்ரூட் போடவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கழுத்தைத் தொட்டாள். அடுப்புக்கல். வேர்வை நின்றுபோயிருந்தது.

"அக்கா!"

தட்டு முதலில் விழுந்தது. ஆப்பிள்கள் ரோட்டில் உருண்டன. பிறகு லூர்து.

"பச்ச! யாராச்சும் ஒரு பச்ச குடுங்க! மேல போத்தணும்!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மஞ்சள் சிவப்பைப் பார்த்தது, சிவப்பு செம்பைப் பார்த்தது. ரெஜினா எதிர்வீட்டுக்குள் ஓடினாள். "பெரிசு, உங்க வேட்டி எங்க?" பனியனோடு கட்டிலில் கிடந்தவர் கையை விரித்தார். "மருமவளுக்குச் செவப்பு வேணும்னு நீதானம்மா வாங்கிக்கினு போன?" அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. எல்லாக் கதவும் அதே பதிலைச் சொன்னது. ஒரு தெரு நிறையச் சேலை இருந்தது. ஒரு சாண் இலை இல்லை. அத்தனையையும் தன் கையாலேயே மடித்துத் தரகரின் வண்டியில் ஏற்றியிருக்கிறாள்.

ஃபெலிக்ஸ் ஐஸுக்கு ஓடியிருந்தான். கிடங்கு துறைமுகத்தின் அந்தக் கோடியில். அவன் வரும்வரை அக்கா தாங்குவாளா? ஜெனிட்டா பட்டுப் பாவாடையோடு ரோட்டில் உட்கார்ந்து, அம்மாவின் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். விசிறிய காற்றே கொதித்தது.

அப்போதுதான் அந்த ஊர்தி வந்து நின்றது. சம்பந்தி வீட்டாரை இறக்கிவிட்ட கையோடு, ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி அடுத்த அழைப்புக்குக் கிளம்பிப் போனது. முதலில் இறங்கி நின்றவர் மாப்பிள்ளையின் அம்மா பிலோமினா.

அவர் தோளில் பச்சை. கருத்து, கனத்து, பளபளத்த பச்சை.

"இன்னாடி இது? நம்பள மதிச்சு வரலியே. ரேஷன் பச்சையில வந்துட்டாங்க," என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது.

ரெஜினா எதையும் யோசிக்கவில்லை. ஓடிப்போய் அந்தத் தோளைப் பற்றினாள். "அம்மா, கோச்சுக்காதீங்க. எங்கக்கா... இதக் குடுங்கம்மா!"

பிலோமினா நல்ல மனுஷி. கீழே கிடந்தவளைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை, போர்வையை உருவிக் கொடுத்தார். இருவருமாக லூர்துவை அதில் சுற்றி, மேலே தண்ணீர் தெளித்தார்கள். பச்சை வேலையைத் தொடங்கியது. தெளித்த தண்ணீரைக் குடித்து, வெயிலைத் தின்று, மெல்ல மெல்ல ஈர மூச்சை விட்டது. ஜெனிட்டாவின் விசிறிக் காற்றில் மரத்தடி வாசம் வந்தது.

"பாத்து, அந்தத் தையல் மட்டும் இழுபடாம," என்றார் பிலோமினா, நெற்றியைத் துடைத்தபடி. வெயில் இப்போது அவர் முதுகில் ஏறியிருந்தது. "இந்த சீசன் இதுதாம்மா. சிவப்பைத்தான் இப்ப எல்லாரும் கட்ட ஆரம்பிச்சுட்டாங்களே! இதுக்குப் பேரு 'வெயில் பழகின பச்சை'. எந்தப் பெட்டியிலயும் இது வராதாம். வெயில்ல உழைச்ச உடம்பு மேல வருஷக்கணக்கா இருந்தாத்தான் இந்த ஆழம் வருமாம். அந்தத் தையலைப் பாருங்க, துறைமுகத்துக் கைவேலைன்னு சர்ட்டிஃபிகேட்டோட குடுத்தாங்க. ஆறு பேர் போட்டி போட்டோம்."

ரெஜினா அப்போதுதான் பார்த்தாள். நீல நைலான் வலைநூல். மீன்முள்ளைப்போல் இருபுறமும் கிளை விட்டு ஓடிய தையல்.



ஃபெலிக்ஸ் ஐஸ் பெட்டியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். ரெஜினா ஐஸை வாங்கி அக்காவின் கழுத்தடியில் வைத்தாள். பிறகு அவன் காதோடு சொன்னாள்: "திரும்பிப் போ. மூணாவது ரூம் மெஷின நிறுத்து."

"பாதி செவந்துக்கினு கீதே?"

"மீதி பாதியாவது இருக்கட்டும். போன்னு சொல்றேன்ல."

லூர்துவின் இமை அசைந்தது. கை போர்வையின் மேல் ஊர்ந்து, எதையோ தேடுவதுபோல் நடுவுக்குப் போய், தையலில் நின்றது. விரல் அதன் ஒவ்வொரு கிளையாகத் தொட்டுக்கொண்டே போனது. ஒருதரம் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொட்டது.

கண்ணைத் திறந்து முதலில் தங்கையைப் பார்த்தாள். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா வாயைத் திறந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சம்பந்தியின் தலையும் குனியும். நிச்சயதார்த்தம் என்ன ஆகும்?

லூர்து மகளைப் பார்த்தாள். ஜெனிட்டாவின் பட்டுப் பாவாடையில் தார் ஒட்டியிருந்தது. பிறகு, சுட்டெரிக்கும் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நின்ற சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். போர்வையை மார்போடு இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"நல்லாக் குளுர்ச்சியா கீது சம்மந்தி," என்றாள். "எங்க வாங்குனீங்க?"