ஏழாம் நம்பர் டியூப்பின் மரணம்

"கொன்னது நீதான்யா!"

மானேஜரின் குரல் பாய்லர் அறைச் சுவரில் மோதித் திரும்பியது.

"நான் ஏன் சார் கொல்லணும்? ஆறு வருஷமா எனக்குச் சோறு போட்டது அது."

பெஞ்சில் கிடந்தது பிணம். வயிற்றில் ஒரு சாண் வெடிப்பு. பாய்லரின் ஏழாம் நம்பர் டியூப்.

நாற்பது அறை லாட்ஜ். காலையிலிருந்து ஒரு சொட்டு வெந்நீர் இல்லை.

"தண்ணி வத்தினது தெரியாம எரிய விட்டிருக்கே. இன்னியோட உனக்கு வேலை இல்லை."

ஆபரேட்டருக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண்ணின் அண்ணன் இதே லாட்ஜின் சமையல்காரர். கரண்டியோடு வாசலில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான்..."

"இப்போதைக்கு மாஸ்டர்னே கூப்பிடு."

பாய்லர் இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"சத்தம் வேணாம். பிரேதப் பரிசோதனை நடக்குது."

சுத்தியலால் டியூப்பைத் தட்டினார். வெளிப்பக்கத்திலிருந்து பிஸ்கட் கனத்துக்கு வெள்ளைப் படிவம் பெயர்ந்து விழுந்தது.

"தண்ணி வத்தியிருந்தா மேல் வரிசை மொத்தமும் வளைஞ்சிருக்கும். அது கோடு போட்ட மாதிரி நேரா நிக்குது. இது உப்புப் படிவம். டியூப்புக்குக் கம்பளி போத்தின மாதிரி. உள்ளே இருக்கிற சூடு தண்ணிக்குப் போக வழியில்லை... இரும்பே வெந்துடுச்சு."

"அப்ப இவன் சாஃப்ட்னரைக் கவனிக்கலை." மானேஜர் விடுவதாக இல்லை. தண்ணீரின் உப்பை வடிக்கும் தொட்டி அது.

ஆபரேட்டர் நோட்டை நீட்டினான்.

"தினம் சாஃப்ட்னர் குழாய்ல பிடிச்சு, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன் சார். நீலம். சிவந்தாத்தானே கெடுதல்?"

இன்ஸ்பெக்டர் பாய்லருக்குள் போகும் குழாயில் தண்ணீர் பிடித்தார். இரண்டு சொட்டு விட்டார்.

சிவப்பு.

"அங்க நீலம், இங்க சிவப்பு. நடுவுல யாரோ விளையாடியிருக்காங்க."

ஏணி போட்டு ஏறினார். சாஃப்ட்னரைத் தொடாமல் சுற்றிப்போகும் பைபாஸ் குழாய். அதன் வால்வு முழுதாகத் திறந்து கிடந்தது.

சக்கரத்தில் ஐந்து கறுப்பு விரல் தடங்கள்...

"ஆயிலா இருக்கும்," என்றார் மானேஜர், கொஞ்சம் அவசரமாக.

இன்ஸ்பெக்டர் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார். தடம் அசையவில்லை.

"ஆயில்னா போயிருக்கும். இது தலைச்சாயம்."

எல்லோருடைய கண்களும் மானேஜரின் தலைக்குப் போயின. ஐம்பத்தெட்டு வயதுக்குக் கொஞ்சம் அதிகமான கறுப்பு.

"சாஃப்ட்னர் தண்ணில குளிச்சா சோப்பு வழுவழுன்னு போகவே மாட்டேங்குது சார். சாயத்தை எப்படி அலசறது? இவன் லீவுல இருந்தப்போ கொஞ்சமா திறந்தேன். மூட மறந்துட்டேன்."

"எப்ப?"

"போன வருஷம்."

சமையல்காரர் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"காலைலருந்து சாப்பிடலையே மாப்ளே. வா, இலை போடறேன்."

சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. அதற்குள் மானேஜர் வேலையை விட்டு, வெளியூரில் மகள் வீட்டுக்குக் குடிபோயிருந்தார். கல்யாணத்துக்கு வந்தவரை வாசலில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க வெள்ளை.

அந்த வீட்டிலும் சாஃப்ட்னர் உண்டாம்; அதன் பைபாஸ் வால்வு எங்கே இருக்கிறதென்று அவருடைய மருமகன் இன்னும் சொல்லவில்லையாம்.