வெள்ளைச் சுவர்

மழை பெய்தால் அந்த வீட்டுச் சுவர் வியர்த்தது. வெறும் ஈரமென்றால் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் விட்டிருப்பாள். தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டியது, ஆறிப்போன பாத்திரத்தில் உறைந்த கொழுப்பைப் போல.

கடற்கரையில் இவ்வளவு வெள்ளையான ஊர் வேறு கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்பே கணவன் பீற்றிக்கொண்டான். வீடு, கடை, மீன் ஏலக்கூடம், கலங்கரை விளக்கம், எல்லாம் ஒரே வெள்ளை. தெருவில் ஒரு மீன் செதில் கிடக்காது. ஊர்க்காரர்கள் எதையும் வீணாக்க மாட்டார்களாம். அந்தச் சுத்தமே அவளுக்கு முதல் நாளிலிருந்து பிடிக்கவில்லை.

இப்போது அவளுக்குத் தன்னையே பார்க்க அருவருப்பாக இருந்தது. வாயும் வயிறுமாக ஆனதிலிருந்து சோறு இறங்கவில்லை, சுவர்ச் சுண்ணாம்புதான் இறங்கியது. கட்டிலுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு குழியே விழுந்துவிட்டது. தின்றதும் குமட்டும். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுவாள். கண்ணைத் துடைத்த கை மறுபடி சுவருக்குப் போகும்.

அன்று மத்தியானம், மழை இருட்டில், நாக்கில் ஏதோ நெருடியது. உள்ளங்கையில் துப்பினாள்.

பல். சின்னஞ்சிறு பால்பல்.

"மறைச்சு மறைச்சு ஏன்மா திங்கிற?" வாசலில் மாமியார் நின்றிருந்தாள். "நானும் தின்னவதான். இந்த ஊர்ல பிள்ளை உண்டானவ யாரு திங்கல?"

"அத்தை, இது மனுசப் பல்லு."

"ஊர் கட்டுறப்போ சுண்ணாம்பு சுட சிப்பி பத்தல. அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் தரை தட்டுச்சு. குஞ்சும் குளுவானுமா எவ்வளவு சனம்!"

"செத்துப்போனவங்களையா?"

"சூளைக்குள்ள போனப்புறம் எல்லாரும் செத்தவங்கதான்."

மாமியார் அவள் உதட்டில் ஒட்டியிருந்த வெள்ளையைக் கட்டைவிரலால் துடைத்து, அந்த விரலைச் சப்பினாள்.

மருமகள் தன் தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தாள். எதுவும் வரவில்லை. எச்சில்கூட வரவில்லை.

சத்தம் மட்டும் கேட்டது. நற. நற.

சுவரில் காதை வைத்தாள். அங்கே இல்லை. தரையில் இல்லை. கையை வயிற்றில் வைத்தாள்.

நற. நற.

"பசிக்குது பாரு அதுக்கு." மாமியார் ஒரு பிடி சுரண்டி நீட்டினாள்.

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சத்தம் நின்றது.

உள்ளே ஒரு கடி.

அவள் வாயைத் திறந்தாள்.