நந்தியாற்றங்கரையில் நூறடி ரத்தம்

1979. தை மாதக் காலை, ஆறு மணி.

திருத்தணி போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது... எடுத்தார் சப்-இன்ஸ்பெக்டர் நாகராஜன்.

"சார், வாட்ச்மேன் யோபு பேசறேன். ஆத்தங்கரை நடைபாதையில ரத்தம் சார்... நூறு அடிக்குச் சொட்டிகினே போவுது."

"பாடி எங்கேய்யா?"

"தெர்ல சார். தரையைப் பார்த்ததுமே ஓடியாந்துட்டேன்."

நாகராஜன் தொப்பியை எடுத்து மாட்டினார். மலையேற முடியாதவர்களும் சுலபமாக நடக்கட்டும், மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடட்டும் என்று நந்தியாற்றோரம் போட்ட புதுப் பாதை அது. பத்து மணிக்குக் கலெக்டர் வந்து திறக்கப் போகிறார். ஏடாகூடமாக ஏதாவது ஆனால், அடுத்து வரவேண்டிய இன்ஸ்பெக்டர் பதவி அம்போ!

ஜீப் பறந்தது.

பனிமூட்டம்... பாதையில் சிவப்புச் சொட்டுகள்... துப்பாக்கியை உருவிக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனார். இடுப்பில் எதுவோ தடுத்தது.

நூல்!

ஆயிரக்கணக்கில் சிவப்பு நூல். சேலை நெய்வதற்காகப் பாதை நெடுக இழுத்துக் கட்டிய பாவு, கஞ்சியும் சாயமுமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நெசவாளி பரந்தாமனும் அவன் மனைவி கமலாவும் நிதானமாகப் பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தார்கள்.

பரந்தாமன் கும்பிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னான். தெருவில் லாரித் தொல்லை, பாவு விரிக்க இடம் வேண்டும் என்று மனு போட்டிருந்தார்களாம். மேடு பள்ளம் இல்லாமல், நேராக, நிழலோடு பாதை போட்டதைப் பார்த்ததும் மனு பலித்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

நாகராஜனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"கலெக்டர் வர்றாருய்யா. சுருட்டு."

"ஈரத்துல சுருட்னா இழை ஒட்டிக்கும் சார். மொத்தமும் பாழாப்பூடும். மதியம் வரைக்கும் காயணும்."

"அப்போ கத்தியைக் கொண்டா, நானே அறுக்கறேன்."

கமலா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அறுங்க சார். ஆனா உங்க வூட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவங்க தம்பி கல்யாணத்துக்குச் சொல்லி வெச்ச சேலை இதுலதான் வருது."

நாகராஜனின் கை அந்தரத்தில் நின்றது.

பத்து மணி. கலெக்டரின் கார் வந்தது. பாதையின் வாசலில் குறுக்கே கயிறு... கயிற்றுக்கு முன்னால் விறைப்பாக சல்யூட் அடித்தார் நாகராஜன்.

"மன்னிக்கணும் சார். கொலை கேஸ். மதியம் வரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது."

கலெக்டர் திடுக்கிட்டார்.

"கொலையா? செத்தது யாரு?"

"இன்னும் சாகலை சார். நீங்க உள்ளே போனீங்கன்னா, சாயந்திரம் வீட்டுக்குப் போனதும்... நான்தான்."