செங்கோடனுக்காகத் தூங்கியவர்கள்

செங்கோடன் தூங்கி மூன்று வருடம் நாலு மாதம் ஆகிறது. நோயொன்றும் இல்லை. நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கெல்லாம் அப்போது அதுதான் வழக்கம். காதுக்குப் பின்னால் பதித்த துயில்மாற்றி அவனுடைய அசதியை அலையாக்கி அனுப்பிவிடும். திண்டுக்கல்லில் பிலவேந்திரன் என்கிற ஒப்பந்தத்தூங்கி அதை வாங்கி, அவனுக்காக எட்டு மணி நேரம் தூங்கிக் கொடுப்பான். லாரி நிற்காது.

ஓட்டுநர் தினம் எட்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்றது பழைய சட்டம். தொழில் வளரட்டுமென்று அதைத் தளர்த்தியவர்கள், தூக்கம் நடந்தால் போதும், யார் தூங்கினால் என்ன என்று திருத்திவிட்டார்கள். அதுவும் நியாயம்தானே.

ஒரே சங்கடம், தூக்கத்தோடு கனவும் போய்விடும். போன மாசியில் மனைவி பாவாயி செத்தபோது செங்கோடன் வெங்காய லோடோடு குவாலியர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். முகம்கூடப் பார்க்கவில்லை. கனவிலாவது வந்தாளா என்று தினமும் பிலவேந்திரனைக் கூப்பிட்டுக் கேட்பான்.

"வந்தாங்கண்ணே. சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க."

அதை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டிவிடுவான்.

ஒருநாள் திண்டுக்கல்லிலேயே சரக்கு இறங்கியது. பாவாயியைப் பார்க்கிற கண்ணை ஒரு தடவை பார்த்துவரலாமென்று போனான். தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய பிலவேந்திரன் வாசலில் உட்கார்ந்து பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! எனக்கு ஆருடா தூங்கறது?"

"கோவிக்காதீங்கண்ணே. பதினேழு வண்டிக்கு ஒத்துக்கிட்டேன். ஒரு உடம்பால முடியுமா? உங்களத ஒடிசாவுல ஒருத்தருக்கு மாத்தி விட்டுட்டேன்."

"அப்ப பாவாயி?"

"நீங்க கேக்குறப்ப இல்லேன்னு சொல்ல வாய் வரலண்ணே."

ஒடிசாக்காரனைத் தொலைபேசியில் எழுப்பினார்கள். துருபா என்று பேர். கனவில் யாராவது வருகிறார்களா என்று கேட்டார்கள். அவன் விழித்த கணமே செங்கோடனுக்குக் கொட்டாவி வந்தது. மூன்று வருடத்தில் முதல் கொட்டாவி.

"ஆமாம், ஒரு பெண்மணி தினமும் வருகிறார்" என்றது தொலைபேசியின் மொழிபெயர்ப்புப் பொறி. "என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிடுவார். ஏதோ கேட்பார். அர்த்தம் தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது."

பிறகு பொறியை நிறுத்திவிட்டு அவனே சொன்னான்:

"அவுரு எப்பங்க வருவாரு?"

இழுப்பு, தயக்கம் எல்லாம் அச்சாகப் பாவாயி. செங்கோடன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

பிலவேந்திரன் பாயை விரித்தான். "மிஷினை அணைச்சுட்டு இங்கயே படுங்கண்ணே. இன்னைக்கு நீங்களே பாத்துடலாம்."

அணைக்கத்தான் கையைக் கொண்டுபோனான். அதற்குள் காதில் மணியடித்தது. திருப்பூருக்கு அவசர லோடு, உடனே கிளம்பினால் அவனுக்கு, இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு.

செங்கோடன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். துருபா இன்னும் இணைப்பில் இருந்தான்.

"தம்பி, இன்னைக்கு அவ வந்தா, கெளம்பிட்டாருன்னு சொல்லீரு. இந்த லோடை எறக்குனதும் நேரா வந்துருவாருன்னு."

துருபாவுக்கு அந்தத் தமிழ் வாயில் நுழையவில்லை. சொல்லிக்கொடுக்கிற வேலையைப் பிலவேந்திரனிடம் விட்டுவிட்டு, செங்கோடன் வண்டியைக் கிளப்பினான்.