இரண்டு தட்டு

1981 சித்திரையில் அந்த லாரியை நாமக்கல் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். பின்பக்கப் பலகைகளை மாற்றிப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவசரமில்லை என்று அதைப் பின்பக்கம் மதில் சுவரைப் பார்க்க ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்கள். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நல்ல நிழல் விழுந்தது. பெயிண்டர் சென்னியப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

அவனுக்கு டிரம்ஸ் பைத்தியம். சேலத்து இன்னிசைக் குழு ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் போய் நின்றான். குழுவை நடத்தும் பரக்கத் அலி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுக் கையமர்த்தினார்.

"வலது கை பரவாயில்ல தம்பி. இடது கைதான் சொன்ன பேச்சு கேக்கல. ஒரு அடி அடிச்சா, குச்சி துள்ளி இன்னொண்ணும் விழுது. வலதுல ரெண்டு, இடதுல ரெண்டுன்னு ஒரு மாசம் இதையே தட்டுங்க. கை வசத்துக்கு வந்தா மேடை உங்களுக்கு."

அந்த மேடைக்கு உயிரையே கொடுப்பேன் என்று பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பழைய டியூப் ரப்பரை வெட்டி லாரியின் பின்கதவில் ஆணியடித்தான். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சுவரோரம் கிடந்த டீசல் பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்து தட்டினான்.

தட் தட். தட் தட்.

முதல் நாள் கால் நீட்டி உட்கார இடம் இருந்தது. மூன்றாம் வாரம் முட்டி பலகையில் இடித்தது. தரை சரிவாக இருக்கும் என்று நினைத்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். மறுநாள் சக்கரம் கல்லைத் தாண்டி நின்றது. எஞ்சினே இல்லாத வண்டியைச் சுற்றி எரிந்த டீசல் வாடை அடித்தது.

பட்டறையைக் கூட்டும் கண்ணாத்தாள் ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்து, அவன் சேலம் போவதற்கு முந்தின நாள்தான் வந்தாள். அவன் தட்டுவதைக் கண்டதும் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஏஞ்சாமி, அந்த வண்டிக்குப் பொறவால உக்காந்து ரெண்டு ரெண்டாத் தட்டறீங்களே. அர்த்தம் தெரியாதுங்களா?"

தெரியாமல் என்ன? கிளீனர் பலகையில் இரண்டு தட்டினால் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுப்பார். ஒரு தட்டு என்றால் நிறுத்திவிடுவார். நாமக்கல்லில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. டிரம்ஸ் நினைப்பில் அது அவனுக்கு உறைக்கவே இல்லை.

"அதுக்கு டிரைவர் வேணுமில்லீங்கக்கா?" என்று சிரித்தான்.

"அந்த வண்டிக்கு டிரைவரு என்ர ஊட்டுக்காரருதானுங்க." அவள் குரல் இறங்கியது. "கிளீனரு அவரு தம்பி. வாழப்பாடி குடோன்ல, சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாப்ல. ஒரே தட்டுத் தட்டியிருந்தா வண்டி நின்னிருக்கும். உசுரு பயத்துல படபடன்னு தட்டிட்டாப்ல. வரச் சொல்றான்னு இவரு இன்னும் பின்னால எடுத்துட்டாரு. அப்புறம் சோறு தண்ணி எறங்கல. 'அவன் தட்டுனான், நான் வந்தேன்'னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்துட்டாருங்க."

சென்னியப்பன் குச்சியைக் கீழே வைத்தான். ஆனால் மறுநாள் சேலம் போயாக வேண்டும், இடது கை இன்னும் படியவில்லை. அவள் நகர்ந்ததும் மறுபடி குச்சியை எடுத்தான். இன்று ஒரு நாள்தானே.

தட் தட். தட் தட்.

சரளைக்கல் நொறுங்கியது.

பலகை நெஞ்சில் வந்து பட்டது.

கத்தக்கூட மூச்சில்லை. வலது கை பலகைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. இடது கையும் அதிலிருந்த குச்சியும்தான் வெளியே இருந்தன. அந்தக் கை படபடவென்று அடித்துத் தீர்த்துவிடத் துடித்தது. செத்துப்போன கிளீனரின் தவிப்பு அப்போது அவனுக்குப் புரிந்தது.

ஒன்று. ஒன்றே ஒன்று.

தட்.

குச்சி துள்ளப் பார்த்தது. விரல்களை இறுக்கி, பலகையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வண்டி நின்றது.

பட்டறை ஆட்கள் வண்டியை முன்னால் தள்ளி, சிராய்ப்போடு அவனை வெளியே எடுத்தார்கள். மறுநாள் அவன் இடது கையைப் பார்த்துப் பரக்கத் அலி அசந்துபோனார். மேடை கிடைத்தது. அந்த லாரியை உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். சேசிஸை அறுத்ததைச் சென்னியப்பன் கூடவே நின்று கண்ணால் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தூக்கம் வந்தது.

ஆனியில் எருமப்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. அவனுக்கு முதல் மேடை. முதுகுக்குப் பின்னால் நீலப் படுதா தொங்கியது. அதற்கும் பின்னால் உழுது போட்ட காடு. பொழுது சாயும் நேரத்தில் பாட்டைத் தொடங்கினார்கள். வலதில் இரண்டு, இடதில் இரண்டு என்று கைகள் அழகாக ஓடின.

பாதிப் பாட்டில் டீசல் வாடை வந்தது.

படுதாவுக்குப் பின்னால் மண்கட்டிகள் நொறுங்கின.

வியர்த்துக் கொட்டியபடி வாசித்து, பாட்டு முடியும் இடத்தில் இடது கையால் ஒரே அடி அடித்துக் குச்சியை அமுக்கினான். சத்தம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

ஜனம் கைதட்டியது. படபடவென்று, ஓயாமல், இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லி.

சென்னியப்பன் இடது கையை ஓங்கி ஒரே அடி அடித்தான். அந்தக் கைதட்டலில் அது அவனுக்கே கேட்கவில்லை.

காற்று அசையவில்லை. படுதா மெல்ல முன்னால் வந்து அவன் முதுகைத் தொட்டது.